பைன் மரத்தில் இளங்கொடி

கத்தரீனா மாடுகளைத் தமிழில் ஏசுவாள், மரங்களை இத்தாலியனில் ஏசுவாள். மாடுகள் தன்னுடையவை, மரங்கள் அரசாங்கத்துடையவை என்று அவளுக்கு ஒரு நினைப்பு. உண்மையில் இரண்டுமே அவளுடைய எசமானி சின்யோரா ஒத்தாவியாவுடையவை. சின்யோரா சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில், லிபெர்த்தா வீதியில், மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு மாதத்துக்கு ஒரு தடவை தொலைபேசியில் தன் சொத்தைச் சுகம் விசாரிப்பார்.

நகரத்துக்குப் பின்னால் மலையேறுகிற பேருந்து திரும்புகிற இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் அந்த நிலம் வரும். எந்தக் காலத்திலோ அரசாங்கம் சொல்லிக் காற்றுகூடப் புகமுடியாத நெருக்கத்தில் பைன் நட்டிருந்தார்கள். ஒரு கோடையில் அதில் பாதி எரிந்து போனது. அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் புத்தி வந்தது. மிஞ்சிய காட்டை ஐதாக்கினார்கள். இடையிடையே மரங்களை வெட்டி எடுத்தால் வெயில் தரைக்கு இறங்கும், புல் முளைக்கும். புல்லை மாடு மேய்ந்துவிட்டால் கோடை நெருப்புக்குத் தீனி கிடைக்காது. நிற்கிற மரங்கள் நன்றாகப் பருக்கும். வெட்டிய மரம் பழப்பெட்டியாகிப் பல்லரோச் சந்தைக்குப் போகும். மாட்டுக்கு மரத்தால் நிழல், மரத்துக்கு மாட்டால் காவல். இப்படியொரு ஏற்பாட்டைக் கண்டுபிடிக்க ஒரு காடு எரியவேண்டி இருந்தது.

இயற்கைக் காப்பகத்துக்குள் அடங்கிய அந்த நிலத்தில் பதினாறு கறுப்பு மாடுகளோடு கத்தரீனா நான்கு வருஷமாக இருக்கிறாள். அதற்கு முன் ஒன்பது வருஷம் லிபெர்த்தாவில் சின்யோராவின் கணவரைப் படுக்கையில் பிரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, அவரைப் பக்குவமாக மேலுலகம் அனுப்பி வைத்தாள். அதே மாதம் மலையில் இருந்த மாட்டுக்காரனும் ஜெர்மனியில் உள்ள மகளிடம் போய்விட்டான். “இனி மாடுகளை யார் பார்ப்பது?” என்று சின்யோரா தன்பாட்டில் சலித்துக்கொண்டபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கத்தரீனா, “எனக்கு மாடு தெரியும்” என்றாள். மன்னாரில் அவளுடைய தகப்பன் பட்டியாக மாடு வைத்திருந்தவர். ஒன்பது வருஷத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கணவன் றஞ்சித்துக்கு நகரத்தில் மாடிப்படிகள் துடைக்கிற வேலை. சனி பின்னேரம் மேலே வருவான், ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு தேவாலயப் பூசைக்கு இறங்குவான். மற்ற ஐந்தரை நாளும் அவள் ராச்சியம். அந்த வேலையை அவள் நேசித்தாள். அடைத்த அறையின் மருந்து மணம் இல்லை, மணியடித்துக் கூப்பிட ஆள் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் பைன் வாசமும் சாண வாசமும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறும். இனி ஒரு வீட்டுக்குள்ளே போய் ஒருவரையும் பிரட்டுவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்து வைத்திருந்தாள்.

அந்த முடிவுக்குத்தான் இந்தப் பங்குனியில், அதாவது மார்ச்சில், ஆபத்து வந்தது. மேய்ச்சலுக்குக் காப்பகம் கொடுத்த அனுமதி அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க ஒரே நிபந்தனை: சிவப்புக் குறி போட்ட இருநூறு மரங்களும் மாதம் முடியமுன் விழுந்திருக்க வேண்டும். சித்திரை முதலாம் திகதியிலிருந்து பறவைகள் கூடு கட்டும், அதன் பிறகு வாள் சத்தமே கேட்கக்கூடாது. மரம் விழவில்லையென்றால் மாடுகள் வெளியே. மாடுகள் வெளியே என்றால் இறைச்சிக்கடை. கத்தரீனாவுக்கு மறுபடியும் லிபெர்த்தா.

மரம் வெட்டுவதற்குப் பகேரியாவிலிருந்து நீனோ என்பவனை சின்யோரா பிடித்திருந்தார். நீனோவோடு சேர்த்து ஐந்து பேர். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர்களுடைய லொறி நிலத்தின் வாசல் படலையடிக்கு வந்து நின்றது. கத்தரீனா பெரிய காப்பிக் கேத்திலைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஐவரும் லொறியை விட்டு இறங்கி, மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்களுக்குள் இரண்டு சொல் பேசினார்கள். அவள் கிட்டப் போவதற்குள் ஏறிவிட்டார்கள்.

“லொறியிலை ஏதோ கோளாறு. பிறகு வாறம்” என்று நீனோ கண்ணாடிக்குள்ளால் சொன்னான். கோளாறான லொறி குதிரை மாதிரி ஓடிப் போனது.

புதன்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சின்யோரா அழைத்தபோது நீனோவுக்கு இடுப்புப் பிடிப்பாம். வேறு இரண்டு இடத்து ஆட்களைக் கேட்டார். ஒருத்தனுக்கு வாள் பழுது, மற்றவனுக்கு மாமியார் சாகக் கிடக்கிறாளாம். ஒருவரும் காரணத்தைச் சொல்லவில்லை, எல்லோரும் மரியாதையாகக் கம்பி நீட்டினார்கள்.

கத்தரீனா இருந்து யோசித்தாள். அவளுக்குக் கிடைத்த விடை ஒன்றுதான். “நான் கறுப்பி. என்ரை சொல்லுக்குக் கீழை நிண்டு வேலை செய்ய அவங்களுக்கு மனமில்லை” என்று றஞ்சித்திடம் சொன்னாள். லிபெர்த்தாவில் அவளை எல்லோரும் ‘அந்தப் பெட்டை’ என்றுதான் சொல்வார்கள், நாற்பத்தைந்து வயதிலும். அது அவளுக்கு வலித்ததேயில்லை என்று நினைத்திருந்தாள். இப்போது வலித்தது.

இரண்டாவது சனிக்கிழமை பாரதிப்ரியா வந்தாள். சென்னைப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் புல்லையும் தீயையும் பற்றி ஆராய்ச்சி, காப்பகத்துக்கு அறிக்கை எழுதுவதும் அவள்தான். மாதம் ஒரு தடவை சதுரச் சட்டத்தைப் புல்லில் போட்டு, அதற்குள் மாடு எவ்வளவு தின்றது, எவ்வளவு விட்டது என்று அளப்பாள். வழக்கமாக வான்காரன் படலையடியில் இறக்கிவிடுவான். அன்று அரைக் கிலோமீற்றர் கீழேயே இறக்கிவிட்டானாம். வியர்த்துக் கொட்டி வந்தவளுக்குக் கத்தரீனா தண்ணீர் கொடுத்தாள்.

“அக்கா, இங்க தனியா இருக்க உங்களுக்குப் பயமா இல்லையா?”

“என்னத்துக்குப் பயம்?”

“நிஜமாவே தெரியாதா? கேட்கிட்ட மரங்கள்ல யாரோ மூட்டை தொங்க விட்டிருக்காங்க. அஞ்சு மூட்டை, அடியில ரத்தம். மரம் வெட்ட வர்றவங்களும் அஞ்சு பேர். ஆளுக்கொரு மூட்டை. காட்டுக்குள்ள கால வெச்சா இதான் கதின்னு யாரோ மாஃபியா பெரிய ஆளு சொல்றானாம். கீழ எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. அந்த வான்காரன் சொல்லவே அரை மணி நேரம் கெஞ்சினேன்.”

கத்தரீனாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெல்ல முக்காலியில் இருந்தாள்.

“பிள்ளை, அது நான் கட்டினது.”

விஷயம் இதுதான். மாசி பிறந்ததிலிருந்து ஐந்து மாடுகள் கன்று போட்டிருந்தன. கன்றுக்குப் பின்னால் விழுகிற இளங்கொடியை நாயோ நரியோ தின்னக்கூடாது, தாய்மாடும் தின்னக்கூடாது. தின்றால் பால் வற்றும். சாக்கில் போட்டுக் கட்டி, பால் வடிகிற மரமொன்றில் உயரத்தில் தொங்கவிட வேண்டும். மன்னாரில் அதற்கு ஆலமரம். இந்த மலையில் ஆலமரத்துக்கு எங்கே போவது? பைன் மரத்தைக் கீறினால் பிசின் வடிந்து வெள்ளையாக உறைகிறது, அது போதும் என்று கத்தரீனா தீர்மானித்தாள். பங்குச் சாமியாரைக் கேட்டால் சிரிப்பார் என்பதால் கேட்கவில்லை. காட்டுக்குள் மரங்களுக்குக் கீழ்க்கிளை கிடையாது. வெளிச்சம் படுகிற படலையடி மரங்களில்தான் கிளை தாழ்ந்திருக்கும், ஏணியும் அங்கேதான் சாத்தியிருக்கும். ஐந்து இளங்கொடிக்கு ஐந்து தீவனச் சாக்கு, ஐந்து மரம். சிவப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒவ்வொன்றையும் கட்டியபின் சிலுவை அடையாளமும் போட்டாள். சிசிலிக்காரன் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பாரதிப்ரியாவுக்கு முதலில் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும், “அக்கா, சிரிக்கிற நிலைமையில நாம இல்ல. இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு” என்றாள்.

அன்று பின்னேரம் வந்த றஞ்சித் கதையைக் கேட்டுவிட்டு, “கழட்டி எறிஞ்சுபோட்டுப் பேசாமல் இரு. ஆரும் கேட்டால் உனக்கு ஒண்டும் தெரியாது. சின்யோராவுக்குத் தெரிஞ்சால் முதலிலை உன்னைத்தான் அனுப்புவா” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கழற்றினால் என்ன நடக்கும்? மிரட்டினவனே வந்து கழற்றிக்கொண்டு போனான் என்று இன்னும் பயப்படுவார்கள். அதோடு, பால் இருக்கிற மாட்டின் கொடியைக் கழற்றவும் அவளுக்குக் கை வரவில்லை. போய் வாயால் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ரயில் ஏறிப் பகேரியா போனாள். நீனோ ஐம்பது தாண்டிய, தோள் அகன்ற மனிதன். அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். மனைவி காப்பி கொண்டுவந்தாள். கத்தரீனா ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை.

“நீனோ, அந்தச் சாக்குகளைக் கட்டினது நான்.”

அவன் கோப்பையை மெல்லக் கீழே வைத்தான்.

“நீங்களோ?”

“ஓம், நான்தான். அதுக்குள்ளை இருக்கிறது மாட்டின்ரை—”

நீனோ உள்ளங்கையை உயர்த்தினான். “உள்ளுக்கை என்ன இருக்கெண்டு நான் கேக்கேல்லை. எனக்கு அது தேவையில்லை.”

“இல்லை, கேளுங்கோ—”

“நான் ஒண்டும் பாக்கேல்லை, ஒண்டும் கேக்கேல்லை. ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ. இதை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?”

“எங்கடை அம்மா.”

“அவ எங்கை?”

“மன்னாரிலை. இலங்கை.”

“அவவும் கட்டுறவவோ?”

“கட்டாமல்? என்ரை காலத்திலையே அம்பது அறுபது கட்டியிருப்பா.”

நீனோவின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். நீனோ மேசையிலிருந்த தொப்பியைக் கையில் எடுத்தான். பிறகு எழுந்து நின்றான்.

“நாளைக்கு எட்டு மணிக்கு வாறம். உங்கடை அம்மாவுக்கு என்ரை மரியாதையைச் சொல்லுங்கோ, தோன்னா கத்தரீனா.”

தோன்னா என்பது பெரிய குடும்பத்துப் பெண்களின் பெயருக்கு முன்னால் வைக்கிற மரியாதை. ரயில் பாதி வழி வந்த பிறகுதான் கத்தரீனாவுக்கு விளங்கியது. அந்த மனிதன் விஷயம் விளங்கி வரவில்லை, பயந்து வருகிறான். கடல் கடந்த ஏதோ பெரிய கூட்டத்தின் ஆளென்று அவளை நினைத்துவிட்டான். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பியிருக்கலாம். அவள் இறங்கவில்லை. இருநூறு மரமும் விழட்டும், பிறகு பார்க்கலாம் என்று யன்னலோடு சாய்ந்துகொண்டாள்.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து நீனோவின் மரியாதையைச் சொன்னபோது, “ஆர் அவன்? கலியாணம் கட்டினவனோ?” என்று மட்டும் அவர் கேட்டார்.

அடுத்த நாள் எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்க லொறி வந்தது. சாக்குகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு ஐவரும் உள்ளே போனார்கள். இப்படி வேலை செய்கிறவர்களைக் கத்தரீனா சிசிலியில் கண்டதில்லை. வாளை நிறுத்துவது சாப்பாட்டுக்கு மட்டும். சிகரெட் கூடப் படலைக்கு வெளியே போய்த்தான். அவள் வருகிறாள் என்றால் தொப்பி கழலும். காப்பி கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவார்கள், ஆனால் குடிக்கமாட்டார்கள். அவள் திரும்பியதும் மண்ணில் ஊற்றுவதை ஒருநாள் கண்டாள்.

உள்ளதைச் சொன்னால், முதல் நாலைந்து நாள் அவளுக்கு அது பிடித்திருந்தது. “தோன்னா, இந்த மரம் எந்தப் பக்கம் விழவேணும்?” என்று கேட்கும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. சால்வையைக்கூடக் கொஞ்சம் வேறு மாதிரிப் போட்டாள். காப்பி மண்ணில் விழுந்ததைக் கண்ட பிறகு அந்தச் சுகம் போய்விட்டது. கேத்திலைக் கழுவும்போது தன்னை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மரங்கள் விழுந்துகொண்டிருந்தன. வெயில் புதிய இடங்களில் இறங்கியது, மாடுகள் அங்கே போய் ஆச்சரியத்தோடு நின்று அசை போட்டன.

கடைசி வாரத்து வெள்ளிக்கிழமை மத்தியானம் நீனோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

“எல்லாம் முடிஞ்சுது, தோன்னா.”

“இருநூறுமோ?”

“நூற்றித் தொண்ணூற்றைஞ்சு.”

“மிச்சம் ஐஞ்சு?”

நீனோ படலைப் பக்கம் பார்க்காமலே, “அது உங்கடை மரங்கள். அதிலை நாங்கள் கை வைக்கமாட்டம்” என்றான்.

அன்று வெட்டின மரங்களைப் பார்க்க வந்திருந்த பாரதிப்ரியா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். “அக்கா, அந்த அஞ்சுதான் முக்கியமே. அது நின்னா தீயணைப்பு வண்டி உள்ள வர முடியாது. அறிக்கையில பொய் எழுத என்னால முடியாது.”

பயத்தை வைத்துக்கொண்டு கத்தரீனா நூற்றித் தொண்ணூற்றைந்து மரம் விழுத்தியிருந்தாள். மிச்சம் ஐந்தும் அந்தப் பயத்தாலேயே விழாமல் நின்றன. அவள் போய் ஏணியை எடுத்து முதல் மரத்தில் சாத்தினாள். ஐவரும் பின்னால் நகர்ந்தார்கள். சாக்கை அவிழ்க்கும்போது அவளையும் பயம் விடவில்லை. மாட்டுக்கு என்ன வருமோ என்ற பயம் பாதி, இந்த மனிதர்கள் என்ன செய்வார்களோ என்ற பயம் பாதி. கீழே இறங்கி, நீனோவின் காலடியில் சாக்கைக் கவிழ்த்தாள்.

காய்ந்து சுருண்ட தோல் மாதிரி ஒன்று விழுந்தது. நாற்றம் எழுந்தது. ஒருத்தன் ஓடிப்போய் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். நீனோ மட்டும் குனிந்து பார்த்தான். தடியொன்றால் தட்டிப் பார்த்தான்.

“இது மாட்டின்ரை... கண்டுக்குப் பின்னாலை வாறது.”

“ஓம். அதைத்தான் அண்டைக்கு உங்கடை வீட்டிலை சொல்ல வந்தனான். நீங்கள் கேக்கேல்லை. பிறகு நீங்கள் பயப்பிடுறீங்கள் எண்டு தெரிஞ்சும் நான் சொல்லேல்லை. அது என்ரை பிழை. நாய் திண்டால் பால் வத்திப்போகும், அதுக்காகக் கட்டினது. எங்கடை அம்மா மாடு வளர்த்தவ. வேறை ஒண்டும் இல்லை.”

நீனோவின் கழுத்து சிவந்தது. “பத்து நாள்” என்றான். “பத்து நாள் நான் தொப்பியைக் கழட்டினனான்.” தொப்பியைத் தலையில் அழுத்தி வைத்தான். மற்றவர்களைப் பார்த்துக் கையை வீசினான். லொறி புழுதி கிளப்பிக்கொண்டு இறங்கியது. பாரதிப்ரியா கத்தரீனாவின் தோளில் கை வைத்தாள்.

மற்ற நான்கு சாக்குகளையும் கத்தரீனாவே இறக்கிக் குழி வெட்டித் தாட்டாள். சனி, ஞாயிறு இரண்டு காலையும் பால் கறந்ததும் வாளியைத் தூக்கி அளவு பார்த்தாள். பால் குறையவில்லை. ஒரு மாடு மட்டும் பாலைக் கொஞ்சம் அடக்கியது, அதுவும் குளிர்காற்றால். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க அவளுக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. நீனோவுக்கு நான்கு தடவை அழைத்தாள். அவன் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை, மாதத்தின் கடைசி நாள், அவள் எட்டு மணிக்குக் கேத்திலோடு படலையடியில் நின்றாள். ஒருவரும் இல்லை. எட்டரை. ஒன்பது. காப்பி ஆறியது. ஆறிய காப்பியை ஊற்றிவிட்டுப் புதிதாக வைக்கவும் மனமில்லாமல், விழுத்திய மரமொன்றில் இருந்தாள். பயம் போனால் ஆளும் போய்விடும் என்று தெரிந்துதானே அவிழ்த்தாய், இப்போது ஏன் படலையைப் பார்க்கிறாய் என்று தன்னையே தமிழில் ஏசினாள். சின்யோராவுக்கு எப்படிச் சொல்வது, பதினாறு மாட்டையும் ஏற்ற எத்தனை லொறி வரும் என்று மனம் எங்கெங்கோ போனது. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. பார்க்க யார் இருக்கிறார்கள்?

ஒன்பதரைக்குக் கீழே வளைவில் ஹோன் சத்தம் கேட்டது. தேவையில்லாமல் நீளமாக அடித்துக்கொண்டே லொறி ஏறி வந்தது. நீனோ தொப்பியும் தலையுமாகக் குதித்தான், வாயில் சிகரெட்.

“கத்தரீ! காப்பி எங்கை?”

“ஆறிப்போச்சு. எட்டு மணிக்கெல்லோ வேலை தொடங்கிறது?”

“நேற்று முழுக்கப் பகேரியாவே என்னைப் பாத்துச் சிரிச்சுது. என்ரை மனிசி இன்னும் நிப்பாட்டேல்லை. நித்திரை இல்லை. நீ போய்க் காப்பியைச் சுட வை, பிறகு ஏசு.”

அவள் உள்ளே ஓடினாள். கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, முந்தியதைவிடப் பலமாக அழுதாள், இந்தமுறை சந்தோஷத்தில். வெளியே வந்தபோது ஐவரும் மரக்குற்றிகளில் கால் நீட்டி இருந்து, சீனி போதாது என்று குறை சொல்லி, கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள். இரண்டாம் கேத்திலும் கேட்டார்கள். பதினொரு மணியானது வாளை எடுக்க. அவள் பின்னாலேயே நின்று கத்தி, தமிழும் இத்தாலியனும் கலந்து ஏசி, சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக்கி, நாலரைக்குக் கடைசி மரத்தை விழுத்த வைத்தாள். பின்னேரம் வந்த பாரதிப்ரியா அடிக்கட்டைகளை எண்ணி அறிக்கையில் இருநூறு என்று எழுதினாள்.

நீனோ வாளை லொறியில் எறிந்துவிட்டு ஏறினான். “மரம் இழுக்க வாற திங்கள் வருவம், கத்தரீ. எட்டு மணிக்கு.”

“ஒன்பதரை எண்டு சொல்லு” என்றாள் அவள்.

அவன் சிரித்துக்கொண்டு ஹோனை அடித்தான். அந்தச் சத்தத்துக்கு, மரம் விழும்வரை படலைக்கு வெளியே விட்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கின. கத்தரீனா படலையை அகலத் திறந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி உள்ளே விட்டாள்.